பந்தி வஞ்சனை இல்லாத கல்யாண விருந்து

பெண்ணுக்கு வரன் அமைந்து, நாளும் குறித்தாகிவிட்டால், அடுத்தபடியாகப் பெற்றோரின் தூக்கத்தைக் கெடுப்பது சாப்பாட்டு விஷயம். சொந்த ஊரில் இருப்பவர்களுக்கு இதில் அதிகச் சிரமமில்லை. பாட்டனார் காலத்துக் கல்யாணத்தில் கரண்டி பிடித்தவரின் பேரனோ மருமகனோ வந்து, "எத்தனை இலை?" என்று கேட்டுக்கொண்டு போவார். பிழைப்பை நாடி ரேணிகுண்டாவிலும் திருப்பதியிலும் குடியேறியிருக்கும் நம்மவர்களுக்கு அந்த வசதி கிடையாது. யாரிடம் ஒப்படைப்பது, என்ன போடுவது, எவ்வளவு போடுவது என்ற மூன்று கேள்விகளுக்கும் நாமேதான் விடை காண வேண்டும். செலவழிக்கப் போவதோ பல வருஷங்களாகச் சம்பளத்தில் பிடித்துச் சேர்ந்த சேமநிதிப் பணம். ஆகவே இவ்விஷயத்தைச் சற்று நிதானமாக ஆராய்வது பயனுடையதாகும்.

இரண்டு ருசிகள்

1911-இல் உருவான சித்தூர் ஜில்லா, 1953-இல் ஆந்திர ராஜ்யம் ஏற்பட்டபோது அதனோடு சேர்ந்தது. 1960-இல் திருத்தணி சென்னை ராஜ்யத்துடன் இணைந்தது. 2022-இல் திருப்பதி தனி ஜில்லாவாகி, ரேணிகுண்டா அதற்குள் அடங்கிற்று. எல்லைகள் இவ்விதம் மாறிக்கொண்டே வந்தாலும், இரு மொழியாருக்கும் இடையே கொள்வினை கொடுப்பினை நின்றபாடில்லை. பெண் வீட்டார் தமிழர், பிள்ளை வீட்டார் தெலுங்கர் என்ற கல்யாணங்கள் நம் சங்கத்துக் குடும்பங்களிலேயே நடக்கின்றன.

1957-இல் வெளிவந்த 'மாயா பஜார்' படத்தில் எஸ்.வி. ரங்காராவ் கடோத்கஜனாக வந்து, கல்யாண விருந்து முழுவதையும் ஒருவராகவே காலி செய்யும் காட்சி தெலுங்கிலும் தமிழிலும் ஒருங்கே புகழ் பெற்றது. விருந்தை ரசிப்பதில் இரு சாராரும் ஒன்றுதான். ஆனால் இலையில் அமர்ந்த பிறகு வழக்கம் வேறுபடும். நம்மவர் பருப்பும் நெய்யும் பெயரளவுக்குப் பிசைந்துவிட்டுச் சாம்பாரை எதிர்பார்ப்பார்கள். தெலுங்கு அன்பர்களுக்கோ முதற்சோறே பெருஞ்சோறு. கெட்டிப் பருப்பு, நெய், ஆவக்காய், கோங்குரா பச்சடி ஆகியவற்றோடு இரண்டு முறை சாதம் போட்டுக்கொள்வார்கள். இது தெரியாமல் ஒரு கரண்டிப் பருப்போடு பரிமாறுபவர் நகர்ந்துவிட்டால், சம்பந்தி வீட்டார் அதை அலட்சியமென்று எண்ண இடமுண்டு.

இதற்காக இரண்டு தனிச் சாப்பாடுகள் ஏற்பாடு செய்ய வேண்டியதில்லை. இருவருக்கும் பொதுவான பண்டங்களை முதலில் பொறுக்கிக்கொள்வது நல்லது. அவர்கள் புளிஹோரா என்பது நமது புளியோதரை. அவர்களுடைய பொப்பட்டு நமது போளி. கத்தரிக்காய்க் கறியும் தயிர் வடையும் இரு வீட்டுக்கும் உகந்தவை. பிறகு, நமக்கென்று அவியலும் ரசமும் பாயசமும், அவர்களுக்கென்று கெட்டிப் பருப்பும் இரண்டு பச்சடிகளும் சேர்த்துவிட்டால் இலை நிறைந்துவிடும். இருபத்தைந்து பண்டங்களை ஆறிப்போகப் பரிமாறுவதைவிடப் பதினான்கு பண்டங்களைச் சூடாகவும் தாராளமாகவும் பரிமாறுவதே மரியாதை.

கறிகாய்களை அந்தந்தப் பருவத்தில் மலிவாகக் கிடைப்பவற்றிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். மதனப்பள்ளி பெரிய தக்காளிச் சந்தை. நமக்கு எட்டாத தூரமும் அன்று. ஆயினும் 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாய்க்கு மேல் விற்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். விலை ஏறினால் எந்தக் காய்க்குப் பதிலாக எந்தக் காய் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது நலம்.

யாரிடம் ஒப்படைப்பது?

சென்னையில் மௌண்ட்பேட்டன் மணி ஐயர், அறுசுவை அரசு நடராஜன் முதலிய சமையற்கலைஞர்களின் பெயரைச் சொல்லியே கல்யாணங்களை நினைவுகூர்வார்கள். அத்தகைய பெயர் பெற்றவர் நமக்குக் கிடைக்காவிட்டாலும் பாதகமில்லை. ஆனால் அச்சடித்த பட்டியலைப் பார்த்தோ, மாதிரிக்குக் கொடுக்கும் ஒரு தட்டு இனிப்பைத் தின்றோ முடிவு செய்யலாகாது. பத்துப் பேருக்குச் சமைப்பது வேறு; ஐந்நூறு பேருக்குச் சமைப்பது வேறு. அவர் பொறுப்பேற்ற வேறொரு கல்யாணத்திற்கு அவ்வீட்டாரின் அனுமதியுடன் சென்று, கடைசிப் பந்தியில் என்ன நடக்கிறதென்று பார்க்க வேண்டும். முதற்பந்தி எல்லா இடத்திலும் நன்றாகவே இருக்கும்.

பிறகு கேட்க வேண்டியவை சில உண்டு. அதே முகூர்த்தத்தில் அவர் வேறு எத்தனை இடங்களுக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்? தலைமைச் சமையற்காரர் நேரில் நிற்பாரா, ஆளை அனுப்புவாரா? பரிமாற எத்தனை பேர்? குடிநீரும் இலையும் காஸும் யார் பொறுப்பு? 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி சமையல் ஒப்பந்தக்காரர்கள் பதிவோ உரிமமோ பெற்றிருக்க வேண்டும். அதைக் காட்டும்படி கேட்பதில் தவறில்லை. நல்ல தொழிலாளி இக்கேள்விகளால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

முகூர்த்த நேரத்தையும் சொல்லிவிட வேண்டும். நம்மவர் கல்யாணம் பெரும்பாலும் காலையில். தெலுங்கர் கல்யாணங்களில் இரவிலும் நள்ளிரவுக்குப் பின்னும் முகூர்த்தம் அமைவதுண்டு. அப்போது பெரிய விருந்து இரவுக்கு மாறிவிடும். திருமலையில் தேவஸ்தானத்தின் கல்யாண வேதிகையில் 2016 முதல் இலவசமாகத் திருமணம் செய்துகொள்ள வசதி உண்டு. மலைமீது தாலி கட்டிவிட்டுக் கீழே விருந்து வைப்பவர்கள், மலைப்பாதையில் வண்டிகள் இறங்கி வரும் தாமதத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எண்ணிக்கை

அழைப்பிதழ்களின் எண்ணிக்கையை வைத்து இலைக் கணக்குப் போட முடியாது. ரெயில்வேயில் வேலை செய்யும் நமக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு: யார் எந்த வண்டியில் வருகிறார்கள் என்று விசாரித்து எழுதி வைப்பது நம் பழக்கந்தானே! முதல்நாள் வருபவர்களுக்கு இரவுச் சாப்பாடும் விடியற்காலைக் காப்பியும் வேண்டும். சென்னையிலிருந்து காலையில் புறப்படும் சப்தகிரி வண்டியில் வருபவர்கள் சிற்றுண்டி நேரம் முடியும் தறுவாயில் வந்து சேர்வார்கள். அவர்கள் பெரும்பாலும் மத்தியானச் சாப்பாட்டுக் கணக்கில் அடங்குவர். இவ்விதம் வேளைக்கு வேளை தனித்தனியே எண்ணினால் வீண் செலவு கணிசமாகக் குறையும்.

பல பண்டங்கள் உள்ள விருந்தில் நூறு பேருக்குப் பத்து முதல் பன்னிரண்டு கிலோ அரிசியும், சாம்பாருக்குச் சுமார் மூன்று கிலோ துவரம் பருப்பும், பத்து லிட்டருக்குக் குறையாத தயிரும் என்பது ஒரு நடுத்தரக் கணக்கு. பருப்பு முதன்மையான தெலுங்குப் பந்தி என்றால் பருப்பையும் நெய்யையும் கூட்டிக்கொள்ள வேண்டும். 1951-இல் வெளிவந்த எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' நூல் வீட்டிலிருந்தால் பண்டங்களின் பக்குவத்தை அதில் பார்த்துக்கொள்ளலாம். தாய்வீட்டை விட்டுத் தொலைவில் வாழும் பெண்களுக்கு அது நெடுநாளாகத் துணைநிற்கும் நூல்.

ஒப்பந்தமும் ஒரு வழக்கும்

இலைக்கு இவ்வளவு என்று பேசுவது ஒருமுறை. மொத்தமாகப் பேசுவது மற்றொரு முறை. இலைக் கணக்கானால் யார் எண்ணுவது என்பதை முன்கூட்டியே தீர்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் உறவினர் வீட்டுக் கல்யாணம் ஒன்றில் ஒப்பந்தக்காரர் நானூற்றுப் பத்து இலை என்றார். வீட்டார் எண்ணியது முந்நூற்று அறுபத்திரண்டு. பெண்ணை அனுப்பும் வேளையில் வாசலில் நின்று வாதாட மனமில்லாமல் அவர் கேட்டதையே கொடுத்தார்கள். அதைவிடப் பெரிய குறை வேறொன்று. கடைசிப் பந்தியில் அமர்ந்த நாதஸ்வரக்காரர்களுக்கும் பந்தல் போட்டவர்களுக்கும் ரசமும் மோரும் மாத்திரமே மிஞ்சின. போளியோ பாயசமோ இல்லை. தவில் வாசித்த முதியவர், "பரவாயில்லை அம்மா, வயிறு நிறைந்துவிட்டது" என்றார். அவர் அப்படிச் சொன்னதுதான் பெண்ணின் தாயாருக்கு இன்றளவும் உறுத்துகிறது.

பந்தி வஞ்சனை கூடாதென்பது நம் பெரியோர் வகுத்த தர்மம். ஒரே பந்தியில் ஒருவருக்கு ஒன்றும் மற்றவருக்கு வேறொன்றும் போடலாகாது என்பது மட்டும் அதன் பொருளாகாது. முதற்பந்திக்கும் கடைசிப் பந்திக்கும் பேதமிருக்கக் கூடாதென்பதும் அதில் அடங்கும். ஆகவே வாத்தியக்காரர், வண்டியோட்டிகள், துப்புரவு செய்பவர், பரிமாறியவர் ஆகியோரின் எண்ணிக்கையை ஆரம்பத்திலேயே கூட்டி, அவர்களுக்குரிய இனிப்பை ஒரு பாத்திரத்தில் தனியே எடுத்து மூடி வைக்கும்படி ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பந்தி முடிந்தவுடன் ஒவ்வொரு முறையும் இரு தரப்பிலும் ஒருவர் சேர்ந்து இலையை எண்ணி, ஒரே தாளில் கையெழுத்திட்டால் வழக்குக்கு இடமிராது.

சுகாதாரம்

சாதமும் சாம்பாரும் ஆறிய நிலையில் பல மணி நேரம் கிடந்தால் கெட்டுவிடும். ஆவி பறக்கும் சூட்டிலேயே வைத்துப் பரிமாற வேண்டும். ஒவ்வொரு பந்திக்கும் புதிதாக வடிப்பது உத்தமம். நம் பக்கத்து வெயிலில் காலையில் கலந்த தயிர்சாதத்தை மாலைக்கு வைத்திருப்பது ஆபத்து. ஒருமுறை மாத்திரம் பயன்படும் பிளாஸ்டிக் தட்டு, கரண்டி, கோப்பைகள் 2022 ஜூலை 1 முதல் நாடெங்கும் தடை செய்யப்பட்டுள்ளன. வாழை செழிக்கும் ரயில்வே கோடூர் பக்கத்தில் இருக்கையில் நமக்கு நல்ல இலைக்குப் பஞ்சமில்லை. கிழிசலுக்கென நூற்றுக்குப் பத்து இலை அதிகம் வாங்கினால் போதும். மீந்த உணவை அன்றே, கெடுமுன், யாருக்கு அனுப்புவதென்றும் முதல்நாளே பேசி வையுங்கள்.

செலவைக் குறைக்க வேண்டுமானால் பண்டங்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள், அளவைக் குறைக்காதீர்கள். கடைசியாக இலையில் அமர்பவர் இரண்டாம் முறை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தாரானால், அந்தக் கல்யாணம் நன்றாக நடந்ததென்று நாம் தைரியமாகச் சொல்லலாம்.