பாயிண்ட் 22 துப்பாக்கி: இதெல்லாம் தெரியுமா?

குறி பார்த்துச் சுடப் பழக வேண்டும். விலையும் கையைக் கடிக்கக் கூடாது. எந்தத் துப்பாக்கி வாங்குவது? உலகத்தின் பல நாடுகளில் இந்தக் கேள்விக்கு முதலில் வரும் பதில் இதுதான்: பாயிண்ட் 22 ரிம்ஃபயர், போல்ட் ஆக்‌ஷன் ரைபிள்!

என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு இது பழைய சிநேகிதம். தரையில் குப்புறப் படுத்து, போல்ட்டைப் பின்னால் இழுத்து, தோட்டாவைப் போட்டு, முன்னால் தள்ளி, கைப்பிடியைக் கீழே மடக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு எதிரே இருந்த அட்டையைச் சுட்டீர்களே, நினைவிருக்கிறதா? அதே ரகம்தான்! அதற்குள் எத்தனை அதிசயம் ஒளிந்திருக்கிறது தெரியுமா?

அதன் ஈயக் குண்டின் எடை வெறும் 2.6 கிராம்! உங்கள் சட்டைப் பையில் இருக்கும் ஒரு ரூபாய் நாணயம்கூட அதைவிடக் கனம்!

பெரிய துப்பாக்கித் தோட்டாவில் அடிப்பாகத்தின் நடுவில் ஊசி குத்தும். இதில்? ஓரத்தில்! தோட்டாவின் அடியில் சுற்றிலும் ஒரு மெல்லிய விளிம்பு. அந்த விளிம்புக்குள்தான் பற்றவைக்கும் மருந்து இருக்கிறது. 'ரிம்ஃபயர்' என்ற பெயரே அதனால்தான்! தொழிற்சாலையில் ஈர மருந்தை உள்ளே வைத்து, தோட்டாவைச் சுழற்றி விளிம்புக்குள் பரவ விடுகிறார்கள்! ஊசி குத்தும் இடத்தில் மருந்து சரியாகப் பரவவில்லையா? தோட்டா வெடிக்காது. அனுபவசாலிகள் பதற மாட்டார்கள். துப்பாக்கியை அட்டைப் பக்கமே பிடித்தபடி அரை நிமிடம் காத்திருப்பார்கள். பிறகு அதே தோட்டாவை வெளியே எடுத்துச் சற்றுத் திருப்பிப் போட்டுச் சுடுவார்கள். பல நேரம் 'டப்'பென்று வெடித்துவிடும்!

இதன் வயது என்ன தெரியுமா? 1845-இல் பிரான்ஸில் ஃப்ளோபேர் என்பவர் செய்த குட்டித் தோட்டாதான் மூதாதை. எதற்காக? வீட்டு வரவேற்பறைக்குள் சுட்டு விளையாட! 1857-இல் ஸ்மித் அண்ட் வெஸன் பாயிண்ட் 22 ஷார்ட்டைக் கொண்டுவந்தது. 1887-இல் ஸ்டீவன்ஸ் நிறுவனம் பாயிண்ட் 22 லாங் ரைபிள் தோட்டாவை உருவாக்கியது. 130 வருடம் தாண்டியும் இன்றைக்கும் கடையில் கிடைப்பது அதே தோட்டா!

குழலை விட்டு வெளியே வரும்போது குண்டு எப்படிச் சுழல்கிறது? 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. கணக்குப் போட்டால் நிமிடத்துக்குச் சுமார் 48,000 சுற்று! 50 மீட்டரைக் கடக்க அதற்கு ஆகும் நேரம் ஒரு விநாடியில் ஆறில் ஒரு பங்குதான். அதற்குள் 120 முறைக்கு மேல் சுழன்றுவிடுகிறது! அந்தக் கண் இமைக்கும் நேரத்துக்குள் புவியீர்ப்பு அதை எவ்வளவு கீழே இழுக்கும்? சுமார் 12 சென்டிமீட்டர், அரைச் சாண்!

இப்போது ஒரு கேள்வி. வேகமான குண்டைக் காற்று அதிகம் தள்ளுமா, மெதுவான குண்டையா? மெதுவானதைத்தானே? இல்லவே இல்லை! ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர். பாயிண்ட் 22-இல் அந்த வேகத்தைத் தாண்டிப் போகும் குண்டு காற்றுத் தடையில் சட்டென்று வேகம் இழக்கிறது. பக்கக் காற்று அதைத்தான் அதிகம் நகர்த்துகிறது! விநாடிக்கு 320, 330 மீட்டரில் போகும் மெதுவான குண்டு ஒழுங்காகப் போய்ச் சேர்கிறது. அதனால்தான் ஒலிம்பிக் வீரர்கள்கூட மெதுவான தோட்டாவைத் தேடி வாங்குகிறார்கள். பெட்டியில் 'அதிவேகம்' என்று பெரிதாகப் போட்டிருந்தால் மயங்கிவிடாதீர்கள்!

நீளமான குழல் வாங்கினால் வேகம் கூடும் என்று நினைக்கிறீர்களா? 16, 18 அங்குலத்துக்குள் இந்தச் சின்னத் தோட்டாவின் மருந்து தன் வேலையை முடித்துவிடும். அதற்கு மேல் குழல் நீண்டால் உராய்வினால் வேகம் குறையக்கூடச் செய்யும்!

விலை? அமெரிக்காவில் சாவேஜ் மார்க் 2-இன் எளிய மாடல் சுமார் 300 டாலர். ரூகர் அமெரிக்கன் ரிம்ஃபயர் அதற்குச் சற்று மேலே. செக் நாட்டு சி.இசட். 457 இன்னும் ஒரு படி மேலே. ஜெர்மனியின் அன்ஷுட்ஸ் போட்டித் துப்பாக்கியோ பல ஆயிரம் டாலர்!

அந்த சாவேஜ் கம்பெனியைத் தொடங்கிய ஆர்தர் சாவேஜ் பிறந்தது எங்கே தெரியுமா? ஜமைக்காவில்! ரயில்வேயில் வேலை பார்த்தவர். ரேடியல் டயருக்கு ஆரம்பகாலக் காப்புரிமை வாங்கியவர்களில் அவரும் ஒருவர்! இன்று அதே பெயர் தாங்கிய மலிவு ரைபிளில், டிரிகரை எவ்வளவு அழுத்தினால் சுட வேண்டும் என்பதை வாங்கியவரே திருகி மாற்றிக்கொள்ளலாம். டிரிகர் கனமாக இருந்தால் இழுக்கும்போதே துப்பாக்கி அசையும். குழலைவிட முதலில் டிரிகரைப் பாருங்கள் என்பேன்.

இதைக் கேளுங்கள்! ஒரே தொழிற்சாலை, ஒரே மாடல், அடுத்தடுத்து வந்த இரண்டு துப்பாக்கிகள். இரண்டுக்கும் பிடித்த தோட்டா வேறு வேறு! ஒன்று ஒரு பிராண்டில் குண்டுகளை ஒரே ஓட்டையில் அடுக்கும், மற்றொன்று அதே தோட்டாவைச் சிதறடிக்கும். ஏன், ஒரே பிராண்டிலேயே வேறு நாளில் தயாரான தொகுதி வேறு மாதிரி போகும்! அதனால் வீரர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு இங்கிலாந்தின் ஈலி, ஜெர்மனியிலுள்ள லாபுவா போன்ற ஆலைகளுக்கே போகிறார்கள். தொகுதி தொகுதியாகச் சுட்டுப் பார்த்து, ஒத்துவரும் தொகுதியை மொத்தமாக அள்ளிக்கொண்டு வருகிறார்கள்! உங்களுக்கு அவ்வளவு வேண்டாம். ஐந்தாறு ரகத்தில் ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பாருங்கள். கூடுதல் விலை கொடுத்து வேறு துப்பாக்கி வாங்குவதைவிட இதில் பலன் அதிகம்!

ஒலிம்பிக்கில் 50 மீட்டர் தூரத்தில் இருக்கும் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்! முன் குறியும் பின் குறியும் சுமார் 70 சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கும் துப்பாக்கியில், முன் குறி 1 மில்லிமீட்டர் விலகினால் குண்டு எங்கே போகும்? 7 சென்டிமீட்டர் தள்ளி!

விலை உயர்ந்த சொந்தத் துப்பாக்கி இருந்தால்தான் தங்கமா? 1956, மெல்போர்ன். கனடாவின் ஜெரால்ட் ஊலெட் தன் சக வீரரின் துப்பாக்கியால் சுட்டார். 60 குண்டு, 600-க்கு 600, தங்கம்! ஆனால் உலக சாதனைக் கணக்கில் சேரவில்லை. ஏன்? மைதானமே ஒன்றரை மீட்டர் குறைவாக இருந்ததாம்!

2004, ஏதென்ஸ். அமெரிக்காவின் மாட் எம்மன்ஸின் துப்பாக்கியை யாரோ சேதப்படுத்திவிட்டிருந்தார்கள். இரவல் துப்பாக்கியோடு போனார், படுத்துச் சுடும் போட்டியில் தங்கம் வென்றார்! அடுத்தது படுத்தும் மண்டியிட்டும் நின்றும் சுடும் மூன்று நிலைப் போட்டி. கடைசிக் குண்டு மட்டும் பாக்கி. 7.2 புள்ளி எடுத்தால் இரண்டாவது தங்கம். சுட்டார். அட்டையில் ஒன்றுமே இல்லை! பக்கத்து வீரரின் அட்டையைச் சுட்டுவிட்டார்! முதலிடத்திலிருந்து எட்டாம் இடம். அன்று ஆறுதல் சொல்ல வந்த செக் நாட்டு வீராங்கனை காதெரினாதான் பிறகு அவர் மனைவி! 2008, பெய்ஜிங். மறுபடி கடைசிக் குண்டு. 6.7 போதும். கை முந்திக்கொண்டது. வந்தது 4.4! விட்டாரா மனுஷர்? 2012 லண்டனில் அதே போட்டியில் வெண்கலம்!

2024 பாரிஸ். அதே 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் இந்தியாவுக்கு முதல் பதக்கம் வாங்கித் தந்தவர் யார்? மகாராஷ்டிரத்தின் ஸ்வப்னில் குசாலே, 451.4 புள்ளி, வெண்கலம். அவர் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர்!

சின்னக் குண்டுதானே என்று அலட்சியம் வேண்டாம். ஒன்றரை மைல், அதாவது 2.4 கிலோமீட்டர் வரை ஆபத்து என்று தோட்டாப் பெட்டியிலேயே அச்சிடுகிறார்கள்! இந்தியாவில் பாயிண்ட் 22 வைத்துக்கொள்ள உரிமம் கட்டாயம். ஆசை வந்துவிட்டதா? முதலில் உங்கள் ஊர்ப் பக்கம் உள்ள ரைபிள் கிளப்பில் சேருங்கள். பயிற்சியாளர் சொல்லித்தர, கிளப் துப்பாக்கியிலேயே சில மாதம் சுட்டுப் பழகுங்கள். வாங்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்!