சடைமுடி பராமரிப்பு

சடைமுடி பராமரிப்பு என்பது தனித்தனிப் புரிகளாகத் திரண்ட தலைமுடியையும் அதன் அடியிலுள்ள தலைத்தோலையும் தூய்மையாகவும் உறுதியாகவும் வைத்திருக்கும் முறைகளைக் குறிக்கும். இம்முடி ஆங்கிலத்தில் ட்ரெட்லாக்ஸ் அல்லது லாக்ஸ் எனப்படுகிறது. தமிழில் சடை என்னும் சொல் பின்னலையும் குறிக்கும். எனினும் பின்னலை அவிழ்த்து வாரலாம். முதிர்ந்த சடைப்புரியை எளிதில் அவிழ்க்க இயலாது. இதனாலேயே இதன் பராமரிப்பு ஏனைய முடியின் பராமரிப்பிலிருந்து வேறுபடுகிறது.

சடைமுடி பல பண்பாடுகளில் காணப்படுகிறது. இந்து சமயத்தில் சிவபெருமான் சடையுடன் சித்தரிக்கப்படுகிறார். துறவியரும் சடை வளர்ப்பதுண்டு. 1930களில் ஜமேக்காவில் தோன்றிய ராசுதஃபாரி இயக்கத்தினர் பலர், விவிலியத்தின் எண்ணாகமம் கூறும் நசரேய விரதத்தைச் சான்றாகக் கொண்டு முடியை வெட்டாது சடையாக வளர்க்கின்றனர். 1970களில் பாப் மார்லியின் ரெகே இசை வழியாக இக்கோலம் உலகெங்கும் அறியப்பட்டது. ஆப்பிரிக்க வம்சாவளியினரிடையே வழங்கும் பராமரிப்பு முறைகளே இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

சடை உருவாகும் விதம்

மனிதரின் தலையிலிருந்து நாளொன்றுக்கு 50 முதல் 100 வரையான முடிகள் உதிர்வது இயல்பாகும். வாரப்படும் முடியில் இவை சீப்புடன் வெளியேறுகின்றன. சடையில் இவை அருகிலுள்ள முடிகளுடன் பிணைந்து புரிக்குள்ளேயே தங்குகின்றன. நெருங்கிய சுருள்முடியில் இப்பிணைப்பு எளிதில் நிகழும். புரி முழுமையாக இறுகப் பல மாதங்கள் முதல் ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்வதால், வேர்ப்பகுதியில் எப்போதும் பிணையாத புதுமுடி இருக்கும்.

கழுவுதல்

கழுவாமல் விட்டால்தான் சடை பிடிக்கும் என்பது பரவலான தவறான கருத்தாகும். தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் முடிகளை வழுக்கச் செய்யும். எண்ணெய் நீங்கிய முடிகளே ஒன்றையொன்று நன்கு பற்றும். பொதுவாக வாரத்துக்கு ஒருமுறை அல்லது இரு வாரத்துக்கு ஒருமுறை கழுவுதல் வழக்கம். வியர்வை, பொடுகு ஆகியவற்றைப் பொறுத்து இது மாறும்.

1. வெதுவெதுப்பான நீரால் முடியை முழுவதும் நனைக்க வேண்டும்.
2. நீரில் கலந்து நீர்த்த ஷாம்பூவைப் புரிகளுக்கு இடையில் தெரியும் தலைத்தோலில் இட்டு, விரல் நுனிகளால் தேய்க்க வேண்டும். நகத்தால் சுரண்டக் கூடாது.
3. வழிந்திறங்கும் நுரையைக் கொண்டு புரிகளை மென்மையாகப் பிழிந்துவிட வேண்டும்.
4. பிழியும்போது தெளிந்த நீர் வரும் வரை அலச வேண்டும். புரிக்குள் தங்கும் ஷாம்பூ அரிப்பையும் வெண்படிவையும் உண்டாக்கும்.

உலர்த்துதல்

கழுவுதலைவிட உலர்த்துதலே கவனம் வேண்டுவது. புரியின் வெளிப்புறம் உலர்ந்த பின்னரும் உட்புறத்தில் ஈரம் தங்கும். இந்நிலை நீடித்தால் பூஞ்சை வளர்ந்து, ஈரத்துணியை ஒத்த புழுங்கல் நாற்றம் தோன்றும். எனவே ஒவ்வொரு புரியையும் துண்டினால் பிழிந்து, காற்றிலோ மிதமான வெப்பமுள்ள உலர்த்தியாலோ உலர்த்த வேண்டும். ஈரமுடியைக் கட்டுவதும், தொப்பியால் மூடுவதும், அதனுடன் உறங்குவதும் தவிர்க்கப்பட வேண்டும். இதனால் காலையில் கழுவுவது நல்லது.

படிவுகள்

புரியை விரைவில் இறுக்கச் சிலர் தேன்மெழுகு பூசுவர். தேன்மெழுகு நீரில் கரையாது. அதன் உருகுநிலை 62 முதல் 64 பாகை செல்சியசு ஆகும். தலை தாங்கும் வெந்நீரில் அது உருகாது என்பதால், பூசிய மெழுகு உள்ளேயே தங்கித் தூசியையும் பஞ்சிழைகளையும் பிடித்துவைக்கும். நீரில் கரையும் கற்றாழைக் கூழ் போன்றவை இதற்கு மாற்றாகும். சமையல் சோடாக் கரைசல் படிவை நீக்கப் பயன்படுகிறது. ஆனால் அது காரத்தன்மை உடையது. அடிக்கடி பயன்படுத்தினால் முடியை வறளச் செய்யும். இரவில் பட்டு அல்லது சாட்டின் துணியால் தலையை மூடினால் பஞ்சிழை ஒட்டுவது குறையும்.

வேர்ப் பராமரிப்பு

புதுமுடியைப் புரியுடன் சேர்க்க இரு முறைகள் உள்ளன. ஒன்று விரலால் முறுக்குதல். மற்றொன்று புரியின் நுனியை வேர்ப்பகுதியின் ஊடே கோத்து இழுத்தல். பெரும்பாலோர் 4 முதல் 6 வாரங்களுக்கு ஒருமுறை இதனைச் செய்கின்றனர். அடிக்கடி இறுக்கமாக முறுக்கினால் நெற்றி, கன்னப்பொறி ஓரங்களில் இழுவை முடியுதிர்வு ஏற்படும். தொடக்கத்தில் இழுவையைத் தளர்த்தினால் முடி மீண்டும் வளரும். நெடுநாள் தொடர்ந்தால் மயிர்க்கால் வடுவாகி இழப்பு நிலைத்துவிடும். முறுக்கிய பின் வலியோ சிறு கொப்புளங்களோ தோன்றுவது எச்சரிக்கையாகும்.

தூய்மை பற்றிய கருத்துகளும் சட்டமும்

சடையில் பேன் தானாகத் தோன்றுவதில்லை. பேன் ஒருவர் தலையிலிருந்து மற்றவர் தலைக்குப் பரவுவது. தூய முடியிலும் அது வாழும். எனினும் சடையில் பேன்சீப்பைப் பயன்படுத்த இயலாது என்பதால் அதனை நீக்குவது கடினம்.

சடை தூய்மையற்றது என்னும் எண்ணம் பலரின் வேலைவாய்ப்பையும் பாதித்துள்ளது. 2010இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், சடையை நீக்க மறுத்த கருப்பினப் பெண் ஒருவருக்கு அளித்த வேலையை ஒரு நிறுவனம் திரும்பப் பெற்றது. முடியலங்காரம் மாற்றத்தக்கது என்பதால் இது இனப்பாகுபாடு ஆகாது என 2016இல் கூட்டரசு மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019இல் கலிபோர்னியா, சடை உள்ளிட்ட முடியமைப்புகளின் அடிப்படையில் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்யும் கிரௌன் சட்டத்தை இயற்றிய முதல் அமெரிக்க மாநிலமானது. பின்னர் வேறு பல மாநிலங்களும் இத்தகைய சட்டங்களை இயற்றின.

இவற்றையும் பார்க்க

- பொடுகு
- முடி உதிர்தல்
- ராசுதஃபாரி இயக்கம்