முதலில் குழாய், பிறகு பாதை

ஜூரோங் தொழிற்பேட்டைக்குச் சரக்கு ஏற்றிச்சென்ற ரயில் கிளைப்பாதை எங்கே பிரிந்தது தெரியுமா? புக்கிட் தீமா நிலையத்தில். அந்த வழியாகத் தஞ்சோங் பகார்வரை ஓடிய ரயில் 2011 ஜூன் 30ஆம் தேதியோடு நின்றது. தண்டவாளத்தை அகற்றியபின் மிஞ்சிய 24 கிலோமீட்டர் நிலம்தான் நீங்கள் இன்று நடக்கும், சைக்கிளோட்டும் ரயில் வழித்தடம்.

அதன் தென்பகுதியில் நடந்தால் உங்கள் காலடியில் குடிநீர் ஓடுகிறது! மர்னேன் சேவை நீர்த்தேக்கத்திலிருந்து நகருக்கு 22 கிலோமீட்டர் குழாய் பதித்த பொதுப் பயனீட்டுக் கழகம், ஏறக்குறைய பாதித் தூரத்தை இந்த வழித்தடத்தின் கீழ் கொண்டுசென்றது.

ஏன் சாலைக்கடியில் பதிக்கவில்லை? அங்கே மின்கம்பி, எரிவாயுக் குழாய், தொலைபேசிக் கேபிள் என ஏற்கெனவே நெரிசல். தோண்டினால் மேலேயும் நெரிசல். ரயில் பாதையோ அறுபடாமல் நீள்கிறது. கூர்மையான வளைவுகளும் இல்லை. குழாய்க்கு அதுவே வசதி. திரும்பும் இடத்தில் நீர் தன் ஆற்றலில் சிறிதை இழக்கும். குழாயையும் வெளிப்பக்கமாகத் தள்ளும். அந்தத் தள்ளுவிசையைத் தாங்கப் பெரிய வளைவுகளில் கான்கிரீட் கட்டைகூட வைப்பார்கள்.

2016 முதல் பாதையைப் பகுதி பகுதியாக மூடிக் குழாய் பதித்தார்கள். தினமும் நடப்பவர்கள் முணுமுணுத்திருப்பார்கள்தான். ஆனால், பாதையை முதலில் அழகுபடுத்தியிருந்தால் அதையே மறுபடி தோண்டியிருக்க வேண்டும். மரம் நடுவதற்கும் இந்த வரிசை உதவும். குழாய்க்கு நேர்மேலே ஆழமாக வேர்விடும் மரம் ஆகாது. குழாய் போகும் இடம் தெரிந்தால்தான் எங்கே மரம், எங்கே புல் என்று வரைபடத்தில் குறிக்க முடியும்.