சீருடை மாறிய ஆண்டு: 2018–19

அரசுப் பள்ளிகளில் 9 முதல் 12ஆம் வகுப்பு வரை சீருடை மாறியது இந்தக் கல்வியாண்டில்தான். விலையில்லாச் சீருடை எட்டாம் வகுப்போடு நின்றுவிடும். அதற்கு மேல் துணியும் தையல்கூலியும் பெற்றோர் பாடு. பேண்ட்டைக் காலோடு ஒட்டப் பிடித்துத் தைக்கச் சொல்வது பையன்களின் ஆசை. தலைக்குக் காதோரம் மழித்த பாக்ஸ் கட்டிங். வாத்தியார் அதட்டலுக்கெல்லாம் அது அடங்குமா?

அந்த ஆண்டு செய்திகளுக்கும் குறைவில்லை. ஆகஸ்ட் 7இல் கருணாநிதி மறைந்தார். செப்டம்பரில் ஒரகடம் அருகே வல்லம் வடகாலில் யமஹா தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் நவம்பர் வரை நீண்டது. தொழிற்சாலைச் சம்பளத்தை நம்பிய வீடுகளில் இதுதான் பெரிய செய்தி. நவம்பர் 16இல் காவிரி டெல்டாவில் கஜா புயல். ஜனவரியில் ஆசிரியர்களே, ஆசிரியர்–அரசு ஊழியர் கூட்டமைப்பான ஜாக்டோ–ஜியோவின் போராட்டத்தில் இறங்கினர். பிப்ரவரியில் புல்வாமா தாக்குதல். மார்ச்சில் பிளஸ் டூ தேர்வு, முதன்முறையாக 1200க்குப் பதில் 600 மதிப்பெண்ணுக்கு.