கானுக்குள் கெட்டுப்போகும் பெற்றோல்

2022 டிசம்பரில் ஒருநாள், விடிய இன்னும் இரண்டு மணித்தியாலம் இருக்கும்போது, மாமாவின் ஓட்டோ ஸ்டார்ட் ஆக மறுத்தது. பெரகல சந்திக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்தில், பக்கத்து லயத்துப் பெண்ணுக்குப் பிரசவ வலி வந்திருந்தது. டேங்கில் பெற்றோல் இல்லாமல் இல்லை. கியூஆர் முறை தொடங்கிய நாட்களில் ஓட்டோவுக்குக் கிடைத்த வாரத்துக்கு ஐந்து லீற்றரில் கொஞ்சம் கொஞ்சமாக மிச்சம்பிடித்து, சமையல் எண்ணெய்க் கானில் அவர் சேர்த்துவைத்த பெற்றோல் அது. அவசரத்துக்கென்று சேர்த்தது, அவசரத்தில் கைவிட்டது. கடைசியில் சந்தியிலிருந்து இன்னொரு ஓட்டோ வந்து அந்தப் பெண்ணைக் கொண்டுபோனது. தாயும் பிள்ளையும் சுகம். மாமாதான் இன்றைக்கும் தண்ணீர் கலந்து விற்றுவிட்டார்கள் என்று செட்காரரைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பிறகு தியத்தலாவையில் மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்கு வண்டி தயார் செய்யும் ஒரு இளைஞரின் பட்டறைக்குப் போனேன். பெரகலவிலிருந்து அப்புத்தளை வழியாகப் போனால் தியத்தலாவை தூரமில்லை. அங்குள்ள பொக்ஸ் ஹில் பந்தயத் திடலை நாட்டில் பலருக்கும் தெரியும். 2024 ஏப்ரல் 21ஆம் திகதி பந்தயக் கார் ஒன்று பார்வையாளர்களுக்குள் பாய்ந்து, எட்டு வயதுச் சிறுமி உட்பட ஏழு பேர் இறந்தது அங்கேதான். அந்தத் துயரம் தனியாக எழுதப்பட வேண்டியது. நான் போனது எரிபொருள் பற்றிக் கேட்க. பட்டறையில் என் கண்ணில் முதலில் பட்டது வண்டி அல்ல, மூலையில் நிழலில் இருந்த உலோகக் கான். விளிம்புவரை நிரப்பி, இறுக மூடி, திகதி எழுதி ஒட்டியிருந்தார். மாமாவின் கானை நினைத்துக்கொண்டேன்.

ஒக்டேன் என்பது பெற்றோலின் பலம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. இயந்திரத்துக்குள் அமுக்கப்படும்போது, பிளக் பொறி தருவதற்கு முன் தானாக வெடித்துவிடாமல் தாக்குப்பிடிக்கும் குணத்துக்கான அளவு அது. ஐசோ ஒக்டேன் என்ற சேர்மத்துக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து அளக்கிறார்கள். நம் செட்களில் கிடைப்பது 92, 95. பந்தய இயந்திரம் காற்றையும் பெற்றோலையும் இன்னும் கடுமையாக அமுக்கும் என்பதால் அதற்கு இதைவிடக் கூடிய ஒக்டேன் தேவைப்படுகிறது.

வடக்கில் தொண்ணூறுகளில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது. சின்னப் போத்தலில் இருந்து சில துளி பெற்றோலை விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடுவார்கள். பல்கலைக்கழகத்தில் என்னுடன் ஊடகக் கற்கை படித்த கிளிநொச்சி நண்பன் அந்தப் புகையையும் இயந்திரத்தின் ‘டொக் டொக்’ சத்தத்தையும் நடித்தே காட்டுவான். அந்தச் சத்தம்தான் ஒக்டேன் குறைந்த எரிபொருளின் குரல். அந்தச் சில துளி பெற்றோல் ஏன் தேவைப்பட்டது என்பதில்தான் மாமாவின் கதைக்கும் விடை இருக்கிறது.

பெற்றோல் ஒரே பொருள் அல்ல. நூற்றுக்கணக்கான சேர்மங்களின் கலவை. பியூட்டேன் பூச்சியம் பாகைக்குச் சற்றுக் கீழேயே கொதிக்கும், ஐசோபென்டேன் 28 பாகையில். குளிர்ந்த இயந்திரம் ஸ்டார்ட் ஆவது இப்படி இலகுவில் ஆவியாகும் பகுதிகளால்தான். மண்ணெண்ணெயில் இவை இல்லை. மூடி சரியில்லாத கானிலிருந்து முதலில் பறந்துபோவதும் இவையே. டொலுயீன் போன்ற பாரமான, ஒக்டேன் கூடிய பகுதிகள் 110 பாகையில்தான் கொதிக்கும் என்பதால் அவை பின்தங்கிவிடும். ஆகவே பழைய பெற்றோலில் ஒக்டேன் எப்போதும் பெரிதாக விழுந்துவிடுவதில்லை, ஸ்டார்ட் ஆகும் குணம் போய்விடுகிறது. ஓட்டோவுக்கு இது ஒரு விடியற்காலைப் பிரச்சினை. ஒரே கலவைக்கு நுணுக்கமாகச் சரிசெய்த பந்தய இயந்திரத்துக்கோ, சிறு மாற்றமே பிஸ்டனைக் கெடுக்கப் போதும்.

எங்கள் மலையில் கான் மூச்சும் விடும். பகல் வெயிலில் உப்பி ஆவியை வெளியே தள்ளும், இரவுக் குளிரில் சுருங்கி அப்புத்தளை மூடுபனியின் ஈரத்தை உள்ளே இழுக்கும். பாதி காலியான கானில் இது இன்னும் மோசம். வெல்லவாயவில் நிரப்பிய கானைக் கொஸ்லந்த வழியாக மேலே கொண்டுவந்து திறந்தவர்களுக்கு ‘புஸ்’ என்ற சத்தம் பழக்கம். ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதே காரணம். அந்தச் சத்தத்தோடு போவதும் அதே இலகுவான பகுதிதான்.

உள்ளே வரும் காற்றிலுள்ள ஒட்சிசன் பெற்றோலில் பிசின் உண்டாக்கும். அது காபரேற்றரின் மயிரளவு துளைகளை அடைக்கும். செம்பும் பித்தளையும் பட்டால் இந்த வேலை இன்னும் வேகமாக நடக்கும். வெறும் இரும்புப் பீப்பாயில் தண்ணீர் சேர்ந்தால் துரு வரும். சாதாரண பிளாஸ்டிக் கானின் சுவர் ஊடாகவே பெற்றோல் மெல்ல வெளியேறும். மூடி இறுக்கமாக இருந்தும் அறை மணப்பது அதனால்தான். எரிபொருளுக்கென்றே செய்யப்படும் கான்களில் இதைத் தடுக்கச் சுவரைப் பதப்படுத்தியிருப்பார்கள். பெற்றோல் இழுக்கப் பாவிக்கும் மலிவான பிளாஸ்டிக் குழாயும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து கலந்துவிடும். மாமாவின் கானில் சமையல் எண்ணெயின் மிச்சமும் இருந்திருக்கும், கழுவினாலும் முழுதாகப் போகாது.

வெளிச்சமும் ஒரு எதிரி. ஈயம் கலந்த பந்தய எரிபொருள் சில நாடுகளில் இன்னும் பாவனையில் உண்டு. அந்த ஈயச் சேர்மம் சூரிய ஒளி பட்டால் சிதைந்துவிடும், வெள்ளைக் கானில் வெயிலில் வைத்தால் கொடுத்த பணத்துக்குரிய ஒக்டேன் மிஞ்சாது. நம் நாட்டு வீதிப் பெற்றோலில் 2002இல் ஈயம் நிறுத்தப்பட்டது. பிள்ளைகளின் மூளைக்கு நஞ்சு என்பதால் அது போனதே நல்லது. ஆனாலும் தெளிந்த சோடாப் போத்தல் சாதாரணப் பெற்றோலுக்கும் ஆகாது. எத்தனோல் கலந்த எரிபொருள் ஈரத்தை இன்னும் ஆவலாக உறிஞ்சும். தண்ணீர் அளவு மிஞ்சினால் எத்தனோலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்துவிடும். இந்தியாவில் இப்போது 20 வீதம் எத்தனோல் கலக்கிறார்கள், அங்குள்ள உறவினர்கள் மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும் ஸ்கூட்டர்களை நினைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் தரம் பற்றியது. எனக்குப் பெரிய பயம் வேறு. 2022இல் ஒக்டேன் 92 லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறியபோது, கான்களில் விற்பதற்குத் தடை இருந்தும், பத்துக்குப் பன்னிரண்டு அடி லயன் அறைகளில் கட்டிலுக்கு அடியில் பெற்றோல் இருந்தது. அதே அறையின் மறுகோடியில் விறகடுப்பு. பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. மேலே போகாது, தரையோடு ஊர்ந்து அடுப்பைத் தேடிப்போகும். காற்றில் ஒன்றரை வீதம் சேர்ந்தாலே தீப்பற்றப் போதும். எங்கள் குளிரும் காப்பாற்றாது, பூச்சியத்துக்குக் கீழ் 40 பாகையிலும் தீப்பற்றக்கூடிய ஆவியைத் தரும் பொருள் அது. ஒரு அறையில் பற்றினால் வரிசை முழுக்க ஒரே கூரை.

பட்டறை இளைஞர் சொன்னதை மாமாவிடம் சொன்னேன். வைக்கத்தான் வேண்டுமென்றால் எரிபொருளுக்கான கான், விரிவதற்குக் கொஞ்சம் இடம் விட்டு மிச்சம் நிறைய, நிழலில், வீட்டுக்கு வெளியே, திகதி எழுதி. நன்றாக மூடியிருந்தால் ஒரு வருடம்வரை தாங்கலாம், அரைகுறை மூடி என்றால் சில மாதம்தான். வார்னிஷ் மணம் வந்தாலோ நிறம் கறுத்தாலோ டேங்கில் ஊற்றக்கூடாது. மாமா கேட்டுவிட்டு, சரிடா, ஆனா செட்காரன் தண்ணி கலந்ததும் உண்மைதான் என்றார். கூரைக்கடியில் இருந்த எண்ணெய்க் கானை மட்டும் அடுத்த வாரம் போனபோது காணவில்லை. அத்தையிடம் கேட்டேன். அடியைக் கத்தியால் அறுத்துவிட்டுக் கறிவேப்பிலைக் கன்று நட்டிருந்தார்.