சாலை நடுவே ஒரு கீறல்

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகளைப் பார்க்க சான் பிரான்சிஸ்கோ போனவர், அங்கே மேட்டுத் தெருவில் மணியடித்துக்கொண்டு ஏறும் கேபிள் காரில் போய்வந்தாராம். "வண்டியில் என்ஜின் இல்லை, மேலே கம்பியும் இல்லை. தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு கீறல்தான் ஓடுகிறது. எங்கள் அப்பா ஏறிய மெட்ராஸ் டிராமும் இப்படித்தானா?" என்று கேட்கிறார்.

இல்லை அம்மா. உங்கள் அப்பா ஏறிய டிராமுக்குத் தலைக்கு மேலே கம்பி இருந்தது. ஆனால் அந்தக் கீறல் ஒரு காலத்தில் மெட்ராஸ் தெருவிலும் இருந்தது.

முதலில் அவர்கள் ஊர்க் கீறல். சிறுவயதில் பேசின் பிரிட்ஜ் பாலத்து ஏற்றத்தில், லாரிக்குப் பின்னால் தொங்கும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை மிதிக்காமலே ஏறியிருக்கிறேன். கேபிள் கார் செய்வதும் அதுவே. சாலைக்கு அடியில் எஃகு வடம் ஒன்று மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர் வேகத்தில் ஓயாமல் ஓடுகிறது. அதை இழுக்கும் மோட்டார்கள் வேறொரு கட்டடத்தில் இருக்கின்றன. ஓட்டுநர் நெம்புகோலை இழுத்தால், கீறல் வழியே இறங்கிய பிடி வடத்தைக் கவ்வும், வண்டி நகரும். பிடியை விட்டு பிரேக் போட்டால் நிற்கும். 1873இல் ஆண்ட்ரூ ஹாலிடி தொடங்கிவைத்த ஏற்பாடு இது.

நம் கீறலுக்குள் ஓடியது மின்சாரம். 1895 மே மாதம் மெட்ராஸில் ஓடத் தொடங்கியதுதான் இந்தியாவின் முதல் மின்சார டிராம். லண்டன் தெருக்களுக்கே 1901இல்தான் அது வந்தது. சாலைக்கு அடியில் ஒரு கால்வாய். அதற்குள் மின்சாரம் பாயும் கடத்திகள். வண்டியின் அடியிலிருந்து கலப்பைக் கொழுபோல ஒரு தகடு கீறலுக்குள் இறங்கி, கடத்தியை உரசியபடியே போகும். உழவுக் கலப்பையின் பெயரைத்தான் பொறியாளர்களும் அதற்கு வைத்தார்கள். அந்தத் தகட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. மாட்டுவண்டிகள் போன தெருவில், மண்ணுக்குள்ளிருந்து மின்சாரத்தை உழுது எடுத்திருக்கிறார்கள்!

அதைத் தோற்கடித்தது நம் மழை. எஃகு வடம் நனைந்தாலும் ஓடும்; மின்சாரத்துக்கு வெள்ளம் ஆகாது. அடுத்தடுத்த பருவமழைகளில் கால்வாய் பாழாக, மேலே கம்பி கட்டினார்கள். 1921இல் 97 வண்டிகள், 24 கிலோமீட்டர் பாதை என்று வளர்ந்த டிராம், நட்டத்தில் விழுந்து 1953 ஏப்ரல் 12ஆம் தேதி நின்றுபோனது.

சான் பிரான்சிஸ்கோவிலும் 1947இல் கேபிள் கார்களை ஒழிக்கப் பார்த்தார் மேயர். ஃப்ரீடல் க்ளஸ்மன் என்ற பெண்மணி ஊர்ப் பெண்களைத் திரட்டினார். வாக்கெடுப்பில் மக்கள் வண்டியைக் காப்பாற்றினார்கள். இன்று உலகமே போய்ப் பார்க்கிறது. நம் டிராமுக்காக அப்படி ஊர் திரளவில்லை என்பதில் எனக்குத் தீராத வருத்தம். 1856இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையம் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. அதையாவது பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் ஆட்கள் வடத்தை நாள்தோறும் சோதிக்கிறார்கள். அதனால்தான் சாலைக்குள் ஒளிந்திருப்பது இன்றும் ஓடுகிறது. நம் சாலையில் இப்போது இருக்கும் கீறல் மழைநீர் வடிகாலின் வாய். எங்கள் தெருவில் அதை டீ கப்பும் பால் கவரும் அடைத்திருக்கின்றன. ஐப்பசி பிறக்குமுன் உங்கள் வாசலில் இருப்பதை ஒருமுறை குனிந்து பாருங்கள்.