சினை ஊசிக்கு முன்னால் தீவனத் தொட்டி

கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, ஊத்துக்கோட்டைப் பக்கம் கறவை மாடு வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், பால் விலைக்கு அடுத்தபடி வருகிற புலம்பல் இதுதான்: "மூணு ஊசி போட்டாச்சு, சினை நிக்கல." பழி ஊசியின் மேல் விழும், அல்லது ஊசி போட்டவர் மேல். பெரும்பாலும் கோளாறு வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று தீவனத் தொட்டி, இன்னொன்று கடிகாரம்.

தொட்டியிலிருந்து தொடங்குவோம். இந்த வட்டாரத்து மாடு முன்பு ஏரி உள்வாயிலும் புறம்போக்கிலும் பத்து வகைப் புல்லையும் தழையையும் கடித்து வளர்ந்தது. அந்த இடங்கள் சுருங்கிவிட்டன. தேர்வாய்கண்டிகையில் ஊர் மக்கள் மேய்ச்சலுக்கு வைத்திருந்த நிலம் சிப்காட் ஆனபோது அவர்கள் போராடிப் பார்த்தார்கள். இன்று அங்கே டயர் ஆலை நிற்கிறது. மேய இடமில்லாத மாட்டுக்குக் கட்டுத்தறியில் கிடைப்பது வைக்கோலும் தவிடும், வீட்டு மிச்சமும்தான்.

வைக்கோல் வயிற்றை நிரப்பும், அதோடு சரி. அதில் புரதம் நூற்றுக்கு மூன்று, நான்கு பங்குதான். பாஸ்பரஸ் மிகக் குறைவு. போதாததற்கு, அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. கறக்கிற மாடு கன்றுக்காகத் தன் எலும்பையும் சதையையும் கரைத்தாவது பால் கொடுக்கும். சத்துத் தட்டும்போது அது கைவிடுவது கருப்பையைத்தான். மாடு பருவத்துக்கே வராது. வந்தாலும் சினை தங்காது. இப்படிப்பட்ட மாட்டுக்கு எவ்வளவு உயர்ந்த காளையின் விந்தை ஊசியாகப் போட்டாலும் காசு வீண்.

மருந்து பெரிதாக ஒன்றுமில்லை. கறவை மாட்டுக்கு நாளுக்கு 50 கிராம் தாது உப்புக் கலவை. தவிட்டிலோ கலப்புத் தீவனத்திலோ கலந்து தினமும் போட வேண்டும். கலப்புத் தீவனம் உடம்புக்கு ஒன்றரை, இரண்டு கிலோ, அதற்கு மேல் கறக்கும் ஒவ்வொரு இரண்டரை லிட்டருக்கும் ஒரு கிலோ என்பது கணக்கு. கால் காணி ஓரம் இருந்தால் கம்பு நேப்பியர் கரணை நடலாம். வரப்பில் அகத்தியும் வேலிமசாலும் போதும். ஆலமாதியில் மத்திய அரசின் தீவனப்பயிர் நிலையமே இருக்கிறது, ஒருமுறை போய்ப் பார்க்கலாம்.

வைக்கோலையும் கொஞ்சம் தேற்றலாம். நூறு கிலோ வைக்கோலுக்கு நான்கு கிலோ யூரியாவை ஐம்பது லிட்டர் தண்ணீரில் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, பாலித்தீன் தாளால் காற்றுப் புகாமல் மூடி 21 நாள் வைக்க வேண்டும். பிறகு பிரித்து, நெடி போக ஆறவிட்டுக் கொடுக்கலாம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு வேண்டாம். யூரியாத் தண்ணீரை மாடு நேராகக் குடித்துவிட்டால் உயிர் போய்விடும் என்பதால் கரைத்த வாளியை அந்தப் பக்கமே வைக்கக் கூடாது.

இங்கே ஆலை கேன்டீன் சோற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். மிஞ்சிய சோறு, இட்லி, கல்யாண மண்டபத்துக் கழிவு எல்லாம் வாளி வாளியாக வருகிறது. இலவசம்தானே என்று கொட்டினால் வயிற்றில் அது வேகமாகப் புளித்து அமிலமாகும், செரிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் செத்துப்போகும். மாடு தின்னாது, அசைபோடாது, தள்ளாடிப் படுத்துவிடும். ஒன்றிரண்டு நாளில் சாகவும் சாகும். இலவசத் தீவனத்தில் இவ்வளவு விலை கூடியது வேறில்லை.

இனி கடிகாரம். மாட்டின் சினைக்காலம் சுமார் 280 நாள். வருடத்துக்கு ஒரு கன்று வேண்டுமானால் ஈன்ற 85 நாளுக்குள் மறுபடி சினை பிடிக்க வேண்டும். கருப்பை தேற முதல் 45 முதல் 60 நாள் விட்டால், மிச்சத்தில் கிடைப்பது ஒன்றோ இரண்டோ பருவம்தான், ஏனென்றால் பருவம் 21 நாளுக்கு ஒருமுறைதான் வரும். ஒன்றைத் தவறவிட்டால் மூன்று வாரத் தீவனம் தண்டம்.

காலையில் கத்தினால் மாலையில் ஊசி, மாலையில் கத்தினால் மறுநாள் காலையில். ஷிப்டு முடிந்து வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினால் நேரம் கடந்துவிடும். கத்தல் மட்டும் அடையாளமல்ல. மற்ற மாடு மேலே ஏறும்போது அசையாமல் நிற்பதும், கண்ணாடி போன்ற கோழை வழிவதும் இன்னும் நிச்சயமானவை. எருமையோ ஊமைப் பருவத்துக்குப் பேர்போனது. விடியற்காலையிலும் இரவிலும் போய்க் கவனிக்காவிட்டால் தெரியாது. ஆலமாதி மத்திய பண்ணையில் வளர்க்கும் முர்ரா எருமைக்கும் இதே குணம்தான்.

ஊசி போடுபவர் திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் உறைவிந்துக் குச்சியை எடுத்து, 37 டிகிரி வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் வைத்துவிட்டுத்தான் போட வேண்டும். வெந்நீர் நீங்களே எடுத்து வையுங்கள். இனத் தேர்வில் ஒரே வார்த்தை: நம்முடையது வெயில் ஊர், சமவெளிக்கு ஜெர்சிக் கலப்பு, கறுப்பு வெள்ளை ஹோல்ஸ்டீன் மலைக்கு.

நோயில், தடுக்கக்கூடியதைத் தடுத்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது. கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை. நான்கிலிருந்து எட்டு மாதக் கிடேரிக் கன்றுக்கு புருசெல்லா ஊசி ஒரே தடவை. கன்று வீசும் இந்த நோய் மனிதருக்கும் தொற்றும் என்பதால் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் தொட வேண்டாம். மடிவீக்கத்துக்குச் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50, சுண்ணாம்பு 15 அரைத்து, மடியைக் கறந்து கழுவிவிட்டு நாளுக்குப் பத்து முறை, ஐந்து நாள் பூசும் முறை நன்றாகவே வேலை செய்கிறது. பாலில் இரத்தமோ காய்ச்சலோ இருந்தால் மருத்துவரை அழையுங்கள்.

மாடு பருவத்துக்கு வந்த தேதியையும், ஊசி போட்ட தேதியையும் சுவர்க் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். 21-ஆம் நாள் விடியலில் எழுந்து பாருங்கள். மாடு படுத்துவிட்டால் அழைக்க வேண்டிய கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962.